வதந்தி ஊரறிந்தது, தீர்ப்பு யாரறிந்தது?

2020 ஏப்ரல் மாதம் நம் வீடுகளில் யாருக்கும் மறந்திருக்காது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தெருக்கள் அடைத்துக் கிடந்தன. மாலையானால் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து இன்று எத்தனை பேர், அதில் "டெல்லி மாநாட்டுக்குப் போனவர்கள்" எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். தாடியும் தொப்பியுமாக மருந்து வாங்கப் போனால் வரிசையில் நிற்பவர் இரண்டடி தள்ளி நின்றார். நோய்க்குப் பயந்து தள்ளி நின்றாரா, நமக்குப் பயந்தா என்று தெரியாது. காலம் காலமாக நம்மோடு பேசிப் பழகிய காய்கறிக்காரம்மா காசைக் கையில் வாங்காமல் தட்டில் வைக்கச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் கைபேசியில் என்னென்ன வந்திருந்தன என்பது நமக்கும் தெரியும். "கொரோனா ஜிஹாத்" என்ற சொல் அந்த வாரத்தில்தான் நாடெங்கும் பரவியது.

அந்தச் சொல்லுக்கு நீதிமன்றங்களில் என்ன ஆயிற்று? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்த குடும்பங்கள் நம்மிலேயே குறைவு. அதனால்தான் இதை எழுத நேர்ந்தது.

முதலில் தேதிகள். டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் தப்லீக் ஜமாஅத்தின் கூட்டம் 2020 மார்ச் நடுவில் நடந்தது. மார்ச் 13 அன்று, கொரோனா ஒரு சுகாதார அவசரநிலை அல்ல என்று மத்திய சுகாதார அமைச்சகமே சொன்னது. 50 பேருக்கு மேல் கூடும் கூட்டங்களுக்கு, மத நிகழ்ச்சிகள் உட்பட, டெல்லி அரசு தடை போட்டது மார்ச் 16ல். 22ல் மக்கள் ஊரடங்கு, 24 இரவில் நாடு முழுவதும் பூட்டு. ரயில் இல்லை, பேருந்து இல்லை. உள்ளே இருந்தவர்கள் உள்ளேயே சிக்கினார்கள். மாத இறுதியில் அவர்களை வெளியே கொண்டு வந்தபோதுதான் செய்தி வெடித்தது. தமிழ்நாட்டிலிருந்து சுமார் 1,500 பேர் போயிருந்ததாக அரசு அறிவித்தது. நம் மாவட்டத்தவரும் அதில் உண்டு.

நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தவறே நடக்கவில்லை என்று வாதிட நாம் வரவில்லை. உலகமே எச்சரித்துக்கொண்டிருந்த நேரத்தில் அத்தனை பேர் நெருக்கமாக இருந்திருக்கக் கூடாது. ஊர் திரும்பியவர்களில் சிலர் உடனே பரிசோதனைக்கு முன்வரவில்லை. ஒளூச் செய்பவரை நோய் அண்டாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதை நம்மவர்களும் யோசிக்காமல் அனுப்பினார்கள். ஆனால் கவனக்குறைவு வேறு, சதி வேறு. அந்த ஏப்ரலில் இந்த வேறுபாட்டைத்தான் அழித்தார்கள்.

தமிழ்நாட்டில் அரசு ஓரளவு சுதாரித்துக்கொண்டதையும் பதிவு செய்ய வேண்டும். நோய்க்கு மதச்சாயம் பூச வேண்டாம் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி கேட்டுக்கொண்டார். அன்றாட அறிக்கையிலும் மாநாட்டின் பெயர் போய் "ஒரே தொற்று மூலம்" என்ற பொருளில் எழுதத் தொடங்கினார்கள். மே மாதம் கோயம்பேடு சந்தை வந்தது. அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள், வியாபாரிகள் வழியாக விழுப்புரம் மாவட்டத்தின் எண்ணிக்கை எகிறியது. அப்போது யாரும் "வெங்காய சதி" என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது, பாவம், வயிற்றுப் பாட்டுக்குப் போனவர்கள். மார்ச்சில் போனவர்களுக்கும் அந்த நியாயம் கிடைத்திருக்கலாம் என்பதுதான் நம் ஆதங்கம்.

இனி நீதிமன்றத்துக்குள் போவோம். நம் மக்கள் "கேஸ் தள்ளுபடியாச்சு" என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் வழி பல, ஒவ்வொன்றுக்கும் பொருள் வேறு. போலீஸ் குற்றப்பத்திரிகை கொடுத்த பிறகு, விசாரணை நடத்தும் அளவுக்குக்கூட இதில் சரக்கில்லை என்று நீதிமன்றம் ஆரம்பத்திலேயே அனுப்பிவிட்டால் அது விடுவிப்பு. சாட்சிகளை விசாரித்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று சொன்னால் அது விடுதலை. உயர் நீதிமன்றம் வழக்கையே எடுத்துப் போட்டால் அது ரத்து. நான்காவதாக ஒன்றும் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு, பேசிக் குறைத்த தண்டனையோடு வீட்டுக்குப் போவது.

டெல்லியில் 955 வெளிநாட்டவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த நான்காவது வழியை எடுத்தார்கள். சில ஆயிரம் ரூபாய் அபராதம், நீதிமன்றம் கலையும் வரை நிற்பது, பிறகு விமானம். அவர்களைக் கோழை என்று சொல்ல நமக்கு என்ன தகுதி? மாதக்கணக்கில் அந்நிய நாட்டில், மொழி தெரியாமல், வீட்டில் பிள்ளைகள் காத்திருக்க... நாமாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்போம்.

44 பேர் போடவில்லை. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள மாட்டோம், விசாரணை நடக்கட்டும் என்றார்கள். அதற்காக ஊருக்குப் போகாமல் மேலும் மாதங்கள் இங்கேயே கிடந்தார்கள். மூத்த வழக்கறிஞர் ரெபேக்கா ஜான், வழக்கறிஞர் அஷிமா மண்ட்லா போன்றோர் அவர்களுக்காக நின்றார்கள். 2020 ஆகஸ்டில் 8 பேர் விடுவிக்கப்பட்டார்கள். மீதி 36 பேரும் டிசம்பர் 15 அன்று விடுதலை ஆனார்கள். அந்தத் தீர்ப்பின் சாரத்தை நம் பிள்ளைகள் படிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர்கள் அந்த நாட்களில் மர்கஸ் கட்டடத்துக்குள் இருந்தார்கள் என்பதையே அரசுத் தரப்பால் நிரூபிக்க முடியவில்லை. வெவ்வேறு இடங்களிலிருந்து பிடித்து வந்து வழக்கில் சேர்த்திருக்கக்கூடும் என்ற அவர்களின் வாதம் ஏற்கத்தக்கதாகவே நீதிமன்றத்துக்குப் பட்டது. நாடு முழுக்க ஒன்பது மாதம் பேசிய ஒரு கதை, "அன்று இவர் அங்கே இருந்தாரா?" என்ற ஒரே கேள்வியில் நின்றுபோனது.

அரபிக் கல்லூரியில் ஹதீஸ் படித்த நாட்களில் இந்தக் கேள்வியைத்தான் உஸ்தாதுமார்கள் நம் மண்டையில் ஏற்றினார்கள். யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா, அவர் நினைவாற்றல் எப்படி? இஸ்னாத் அறுந்தால் செய்தி எவ்வளவு இனிமையாக இருந்தாலும் தள்ளி வை. பிறகு கல்லூரியில் வரலாறு படித்தபோதும் சான்று எங்கே என்றே கேட்டார்கள். குறுக்கு விசாரணையில் ஒரு நல்ல வழக்கறிஞர் செய்வதும் இதே வேலைதான். விழுப்புரம் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் ஒரு நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "உங்களுக்கு ராவி, எங்களுக்கு சாட்சி, அவ்வளவுதான் ஹஜ்ரத்."

எல்லா நீதிமன்றமும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் சிறையிலும் பிறகு புழல் சிறப்பு முகாமிலும் வைக்கப்பட்ட 31 வெளிநாட்டவர் வழக்கில், 2020 ஜூனில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அவர்கள் பட்டது போதும் என்ற நிலையெடுத்து ஊர் திரும்ப வழி செய்தார். ஆனால் விசா நிபந்தனையை மீறியதை அவர்கள் எழுதி ஒப்புக்கொண்ட பிறகே வழக்கு முடிந்தது. இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை வேறு மாதிரிப் பேசியது. பள்ளிவாசலில் தங்குவதும் மார்க்க உரை கேட்பதும் விசா மீறல் ஆகாது என்றது. வழக்குகளை ரத்து செய்து, இவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்று நீதிபதி நலவாடே எழுதினார். உடன் இருந்த நீதிபதி செவ்லிகர் ரத்துக்கு ஒப்புக்கொண்டார், ஆனால் அந்தக் கருத்துகள் சிலவற்றோடு உடன்படவில்லை. நம் மேடைகளில் முதல் பாதியை மட்டும் பேசுகிறோம். இரண்டாவது பாதியையும் சொல்வதுதான் அமானிதம்.

ஊடகங்களைக் கேள்வி கேட்டு ஜம்இய்யத் உலமாயே ஹிந்த் உச்ச நீதிமன்றம் போனது. அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் மழுப்பலாக இருப்பதாக 2020 அக்டோபரில் தலைமை நீதிபதி பாப்டே கடிந்தார். மறு ஆண்டு தலைமை நீதிபதி ரமணா, செய்திகளுக்கு மதச்சாயம் பூசுவது நாட்டுக்கே கெட்ட பெயர் என்றார். நல்ல வார்த்தைகள்தான். ஆனால் அந்த ஏப்ரலில் கத்திய தொகுப்பாளர்கள் அதே நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த விஷயத்தைக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நீண்ட மௌனம். வெளிநாட்டு ஜமாஅத்தினருக்குப் பள்ளிவாசலிலும் வீட்டிலும் இடம் கொடுத்தார்கள் என்று 70 இந்தியர்கள் மீது 16 வழக்குகள் டெல்லியில் தொங்கிக்கொண்டிருந்தன. 2025 ஜூலை 17 அன்று நீதிபதி நீனா பன்சல் கிருஷ்ணா அவற்றை ரத்து செய்தார். அவர்களுக்கு நோய் இருந்ததாகவோ, அவர்கள் பரப்பியதாகவோ குற்றப்பத்திரிகைகளில் எதுவும் இல்லை. தடைக்குப் பின் புதிதாகக் கூடியவர்களும் அல்லர், ஏற்கெனவே இருந்த இடத்தில் ஊரடங்கால் அடைபட்டவர்கள். பூட்டிய நாளில் வந்த விருந்தாளியை வாசலுக்கு வெளியே தள்ளாததற்கு ஐந்து ஆண்டு நீதிமன்றப் படி.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீதான அவதூறு தீர்வதற்கு ஒரு மாதம் ஆனது. மதீனாவில் அதைக் கிளப்பியவன் நயவஞ்சகன்தான். ஆனால் வாயிலிருந்து வாய்க்குக் கடத்தியவர்களில் நல்ல முஸ்லிம்களும் இருந்தார்கள். சூரா நூர் அவர்களையும் சேர்த்தே கண்டிக்கிறது. ஒவ்வொரு ரமழானிலும் இதைப் பயான் செய்கிறோம். பயான் முடிந்து, பக்கத்து ஊர்ச் சமூகத்தாரைப் பற்றி, அரசியல்வாதியைப் பற்றி, நமக்குப் பிடிக்காத இன்னொரு ஜமாஅத்தைப் பற்றி ஒரு துண்டு வீடியோ வந்தால், பெருவிரல் தானாக நகர்கிறது.

அந்த ஜூலைத் தீர்ப்பின் சுருக்கத்தை எளிய தமிழில் இரண்டு பக்கமாக எழுதி, நகல் எடுத்து, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வாசலில் வைத்தோம். நூறு நகலில் அறுபதுக்கு மேல் மிஞ்சியது. நம்மவர்களுக்கே அதைப் படிக்கப் பொறுமை இல்லை. மிஞ்சியதில் ஒன்றைத் திண்டிவனம் மேம்பாலம் பக்கம் நாம் வழக்கமாகப் போகும் டீக்கடையில் கொடுத்தோம். கடைக்காரர் நல்ல மனிதர். அந்த ஏப்ரலில் மட்டும் நமக்குக் கண்ணாடி டம்ளருக்குப் பதில் பேப்பர் கப் தந்தவர். அடுப்பைக் குறைத்துவிட்டு நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்:

"கேஸே நடந்துச்சா பாய்? நான் அதெல்லாம் அப்பவே முடிஞ்சு, எல்லாரையும் உள்ள போட்டுட்டாங்கன்னுல்ல நெனச்சேன்."