சுவருக்கு அப்பால் ஓர் உரல்

லண்டனில் விக்மோர் தெருவில் மிட்டாய் வியாபாரி ஒருவர் தம் சமையற்கட்டில் இரண்டு பெரிய உரல்களை நாட்டி இருபது ஆண்டுகளுக்கு மேலாக இடித்துவந்தார். பின்மனையில் வாழ்ந்த வைத்தியர், தம் தோட்டத்தின் கோடியில், அந்தச் சமையற்கட்டின் சுவரை ஒட்டியே 1873இல் ஓர் ஆலோசனை அறை கட்டும்வரை அதனால் விவகாரம் ஏதும் எழவில்லை. நோயாளியின் மார்பில் காது கொடுத்த வைத்தியருக்கு மூச்சுக்குப் பதில் உலக்கையின் ஓசையே கேட்டது. 1879இல் நீதிமன்றம் வைத்தியர் பக்கம் தீர்ப்பளித்தது.

இவ்வழக்கை 1960இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்த பொருளியல் அறிஞர் ரொனால்டு கோஸ், ஓசை எழுப்பியவர் மட்டுமே தீங்கிழைத்தவர் என்ற எண்ணத்தையே அசைத்துவிட்டார். அறை அங்கே எழாதிருந்தால் தீங்கும் இல்லையல்லவா? பாத்தியதை யாருடையது என்பது தெளிவாகி, பேரம் பேசச் செலவும் இல்லையெனில், உரலின் லாபம் பெரிதானால் வியாபாரி பணம் கொடுத்து வைத்தியரின் சம்மதத்தைப் பெற்றிருப்பார்; தீர்ப்பு மாறியிருந்தால், அமைதியின் மதிப்பு பெரிதானபோது, வைத்தியர் பணம் கொடுத்து உரலை நிறுத்தியிருப்பார். செலவில்லாத பேரம் என்பது மெய்யுலகில் இல்லாதது என்று கோஸே அக்கட்டுரையில் எச்சரித்தும், அவரைப் போற்றுவோரில் பலர் அதைப் படியாமல் தாண்டிவிடுவது வருந்தத்தக்கது.

அந்த எச்சரிக்கையின் கனம், வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துப் பாலாற்றங்கரையில் விளங்கும். பச்சைத்தோல் கெடாதிருக்கத் தேய்த்த உப்பு, தோல் ஆலைகள் அதை ஊறவைத்த நீரில் கரைந்து, மணலுக்குள் இறங்கி, எங்கோ ஓர் உழவரின் கிணற்றில் வாளியோடு மேலே வருகிறது. எந்த ஆலையின் உப்பு என்று கிணறு சொல்லாது. ஆலைகள் நூற்றுக்கணக்கில் இருக்க, அவர் யாரோடு பேரம் பேசுவார்? ஊர் கூடி இழுக்கவேண்டிய தேர் இது; பிறர் வடம் பிடிக்கட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தால் அது நகராது. நிலம் உவராய்ப் போனவரிடம், பணம் கொடுத்து ஆலையை நிறுத்தும் சக்திதான் ஏது?

வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற்போனதாகக் கூறிய ஆய்வைக் கருத்திற்கொண்டு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்யவேண்டும் என்ற நியாயத்தை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் ஸ்தாபித்தது. ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் விதித்த 10,000 ரூபாய் அபராதத்தைவிட, தனி அதிகார அமைப்பு ஒன்றை ஏற்படுத்தச் சொன்னதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். எந்த ஆலை எவ்வளவு தரவேண்டும், யாருக்கு எவ்வளவு சேரவேண்டும் என்று பெயர் பெயராக எழுதுவது அதற்கு இடப்பட்ட கடமை. கிணற்றடியில் தனியே நின்ற உழவர் தம் ஆயுள் முழுவதும் பிரயாசைப்பட்டாலும் எழுதியிருக்க முடியாத கணக்கு அது.