இருபத்தேழு நாடுகளின் பொதுப்பெட்டி

ஒரு தேசத்தின் கருவூலத்தைக் காப்பது கடினம். பல தேசங்கள் கூடி வைத்திருக்கும் கருவூலத்தைக் காப்பது அதனினும் பன்மடங்கு கடினம். காரணம் வெளிப்படை. ஒரு நாட்டுக்குள் வரி செலுத்துபவனும், அதனைச் செலவிடும் அதிகாரியும், தவறு கண்டால் தண்டிக்கும் நீதிபதியும் ஒரே சட்டத்தின் கீழ் வாழ்கின்றனர். பல நாடுகள் சேர்ந்த அமைப்பிலோ பணம் போடுகிறவர் ஓரிடம், எடுத்துச் செலவிடுகிறவர் வேறிடம், கணக்குப் பார்க்கிறவர் மற்றோரிடம். 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று நம் முன்னோர் சொன்னது ஒரு பந்தியை மனத்தில் வைத்துத்தான். அது ஒரு கண்டத்துக்கே பொருந்தும் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரவு செலவை உற்று நோக்கின் அப்பொருத்தம் புலப்படும்.

அந்தப் பொதுப்பெட்டிக்குப் பணம் வரும் வழிகளை முதலில் காண்போம். ஒன்றியத்தின் எல்லைக்கு வெளியிலிருந்து வரும் சரக்குகள் மீதான சுங்கவரி ஒன்று. மதிப்புக் கூட்டு வரியில் ஒரு சிறு பங்கு மற்றொன்று. மறுபயன்பாட்டுக்குச் செல்லாத பிளாஸ்டிக் உறைகளின் எடைக்கேற்ப நாடுகள் 2021 முதல் செலுத்தும் தொகை இன்னொன்று. இவை எல்லாவற்றிலும் பெரியது, ஒவ்வொரு நாடும் தன் தேசிய வருமானத்துக்கேற்ப அளிக்கும் பங்கு. ஆண்டு வரவு செலவின் மொத்த அளவு, உறுப்பு நாடுகளின் கூட்டு வருமானத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. சுங்கவரியை ஒன்றியம் தானே வசூலிப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அந்தந்த நாட்டின் சுங்க அதிகாரிகளே வசூலித்து, கூலியாக நூற்றுக்கு 25 பங்கை நிறுத்திக்கொண்டு மீதியை அனுப்புகின்றனர். செலவும் அப்படியே. மொத்தச் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கை உறுப்பு நாடுகளின் அலுவலகங்களே ஆணையத்துடன் சேர்ந்து நிர்வகிக்கின்றன. உழவருக்கு மானியம் தருவதும், பின்தங்கிய வட்டாரத்தில் பாலம் கட்டுவதும் அவர்கள் பொறுப்பு. ஆனால் சட்டப்படி இறுதிப் பொறுப்பு பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஆணையத்தின் தலைமீதே விழுகிறது.

இந்தக் கணக்கைச் சரிபார்க்கும் அமைப்புக்கு ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றம் என்று பெயர். பெயரைக் கேட்டு எவரும் மயங்க வேண்டா. அங்கே வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை, தண்டனையும் இல்லை. அது அறிக்கை எழுதும் மன்றம், அவ்வளவே. தொடக்கத்தில் முழுநேரப் பணியாளரல்லாத ஒரு தணிக்கைக் குழுவே இவ்வேலையைச் செய்துவந்தது. ஒன்றியத்துக்குச் சொந்த வருவாய் ஏற்பட்ட பின், தனித்தணிக்கை அமைப்பு வேண்டும் என்று ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் ஜெர்மானிய உறுப்பினரான ஹைன்ரிக் ஐக்னர் விடாது வலியுறுத்தினார். 1975-இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி 1977 அக்டோபரில் லக்ஸம்பர்க் நகரில் இம்மன்றம் பணி தொடங்கியது. நாட்டுக்கு ஒருவராக உறுப்பினர்கள் ஆறாண்டுக் காலத்துக்கு நியமிக்கப்படுகின்றனர்.

பிறர் பணம் என்றால் காவல் எவ்வளவு தளர்ந்துவிடும் என்பதற்கு 1986-இல் நிகழ்ந்த மக்காச்சோள விவகாரம் நல்ல சான்று. கிரேக்க நாட்டிலிருந்து பெல்ஜியத்துக்கு இருமுறை மக்காச்சோளம் ஏற்றுமதியாயிற்று. கிரேக்கத்தில் விளைந்தது என்று பத்திரங்கள் கூறின. உண்மையில் அது அன்று ஒன்றியத்துக்கு வெளியே இருந்த யூகோஸ்லாவியாவில் விளைந்த சோளம். வெளிநாட்டுச் சோளமாயின் அதற்குரிய தீர்வை பொதுப்பெட்டிக்குச் சேர வேண்டும். உள்நாட்டுச் சோளமாயின் தீர்வை இல்லை. ஆகவே ஒரு பத்திரத்தில் ஊரின் பெயரை மாற்றியதால் பொதுப்பணம் பறிபோயிற்று. அதைவிட வியப்பானது பின்னர் நிகழ்ந்தது. பொய்ப் பத்திரத்துக்குக் கிரேக்க அதிகாரிகள் சிலரும் உடந்தை என்று ஆணையம் குற்றஞ்சாட்டியும், அந்நாட்டு அரசு எவர்மீதும் நடவடிக்கை எடுக்கவில்லை. தன் கருவூலத்தில் கை வைத்திருந்தால் எந்த அரசும் இவ்வாறு வாளா இருந்திருக்குமா?

இதே கேள்வியைத்தான் ஐரோப்பிய நீதிமன்றமும் 1989 செப்டம்பரில் தன் தீர்ப்பின் அடிப்படையாக்கிற்று. சொந்தச் சட்டத்தை மீறுவோரை ஒரு நாடு எவ்வளவு ஊக்கத்துடன் துரத்துகிறதோ, அதே ஊக்கத்துடன் பொதுச்சட்டத்தை மீறுவோரையும் துரத்த வேண்டும். தண்டனை குற்றத்துக்கு அளவானதாகவும், மற்றவர் அஞ்சத் தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என்று அது விதித்தது. பின்னர் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையிலும் இவ்விதி இடம்பெற்றது. தணிக்கை மன்றத்தின் ஆயிரம் அறிக்கைகளைவிட இந்த ஒரு தீர்ப்பு பொதுப்பணத்துக்கு வலிய வேலி என்பது என் கருத்து.

இனி மன்றத்தின் ஆண்டு அறிக்கைக்கு வருவோம். 1994-ஆம் ஆண்டுக் கணக்கு முதல், கணக்குகள் நம்பத்தக்கனவா, செலவுகள் விதிப்படி நடந்தனவா என்ற இரு வினாக்களுக்கும் அது விடை கூறி வருகிறது. செலவுகளில் சில நூறு மாதிரிகளைப் பொறுக்கி, பணம் கடைசியாகச் சேர்ந்த கைவரை சென்று பார்க்கின்றனர். கண்ட பிழையைக் கொண்டு மொத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பிழை என மதிப்பிடுகின்றனர். 2 விழுக்காடு வரை பொறுக்கலாம் என்பது அளவுகோல். முதல் வினாவுக்கு 2007 முதல் நற்சான்று கிடைத்து வருகிறது. இரண்டாவதற்கோ 2015 வரை ஒவ்வோர் ஆண்டும் பாதகமான கருத்தே. 2016 முதல் மூன்றாண்டுகள் சற்றுத் தணிந்த கருத்து. 2019 முதல் மீண்டும் பாதகம். 2023-இல் பிழை 5.6 விழுக்காடாக ஏறிற்று. வட்டார வளர்ச்சிக்கான செலவில் மட்டும் அது 9.3. 2024-இல் மொத்தப் பிழை 3.6 ஆக இறங்கியது.

பிழை என்றவுடன் களவு என்று முழங்கும் செய்தித்தாள்கள் உண்டு. அது அநியாயம். ஒப்பந்தப்புள்ளியை முறைப்படி கோராமல் கட்டிய பாலம் ஆற்றின்மீது உறுதியாகத்தான் நிற்கும். ஆயினும் அதன் செலவு பிழைக்கணக்கில் சேரும். மானியத்துக்குரிய புல்வெளியோடு புதர் மண்டிய மூலையையும் சேர்த்து அளந்து எழுதிய உழவன் திருடன் அல்லன். களவென ஐயுற வேண்டியவற்றை மன்றம் தனியே புலனாய்வாளருக்கு அனுப்பிவிடுகிறது. அவை மிகச் சிலவே. ஏக்கருக்கு இவ்வளவு என்று நேராகத் தரும் உழவர் மானியத்தில் பல ஆண்டுகளாகப் பிழை அளவுகோலுக்கு உட்பட்டே இருக்கிறது என்பதும் கருதத்தக்கது. விதி சிக்கலாகும் இடத்தில்தான் பிழை பெருகுகிறது. அதற்காக 5.6 விழுக்காட்டை அற்பம் என்று ஒதுக்குவதும் சரியன்று.

அறிக்கையைப் பாராளுமன்றம் ஆராய்ந்து ஆணையத்துக்குப் பொறுப்பு விடுவிப்பு வழங்க வேண்டும். பெரும்பாலும் சடங்காக நடப்பது இது. 1998 டிசம்பரில் சடங்காக நடக்கவில்லை. 1996-ஆம் ஆண்டுக் கணக்குக்கு விடுவிப்பு மறுக்கப்பட்டது. ஆணையத்திலேயே தணிக்கைப் பணியாற்றிய பால் வான் பாய்ட்டனன் என்ற டச்சுக்காரர், தாம் கண்ட முறைகேடுகளை உறுப்பினர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் பணியிடை நீக்கமும் பாதிச் சம்பளமும் பெற்றார். ஐவர் குழு விசாரித்தது. ஆணையர் எடித் க்ரஸ்ஸான் தமக்கு வேண்டிய பல் மருத்துவரை ஆலோசகராக அமர்த்தியதும் வெளிவந்தது. 1999 மார்ச் 15 அன்று குழுவின் அறிக்கை வந்த இரவே ஸான்ட்டேர் தலைமையிலிருந்த ஆணையம் முழுவதும் பதவி விலகியது. ஆணையர் பலரும் தத்தம் கையால் பணத்தைத் தொட்டவர் அல்லர். தம் கீழ் நடப்பதற்குத் தாம் பொறுப்பு என்று சொல்ல முன்வராமையே அவர்களைக் கவிழ்த்தது.

அவ்வாண்டே மோசடித் தடுப்பு அலுவலகம் ஒன்று அமைந்தது. ஆனால் அது விசாரிக்கலாம், வழக்குத் தொடர இயலாது. அக்குறையைத் தீர்க்க 2021 ஜூன் முதல் ஐரோப்பிய அரசு வழக்கறிஞர் அலுவலகம் இயங்குகிறது. ருமேனியாவில் ஊழலை எதிர்த்துப் பெயர்பெற்ற லௌரா கொவேஷி அதன் முதல் தலைவர். போலந்தும் ஸ்வீடனும் 2024-இல் சேர்ந்த பின் 24 நாடுகள் அதில் உள்ளன. டென்மார்க், அயர்லாந்து, ஹங்கேரி ஆகியவை அப்போதும் வெளியே நின்றன.

இதற்கிடையே பெருந்தொற்றுக்குப் பின் ஒன்றியம் கடன் வாங்கி மீட்பு நிதி ஒன்றைத் தொடங்கிற்று. 2018 விலைவாசிப்படி 75,000 கோடி யூரோ வரை கடன் பெற வழி செய்யப்பட்டது. இதன் பெரும்பகுதியில், செலவுச் சீட்டைக் காட்டிப் பணம் பெறுவதில்லை. இன்ன சீர்திருத்தம் முடிந்தது, இத்தனை கட்டடம் எழுந்தது என்று இலக்கை எட்டியதாகக் காட்டினால் பணம் கிடைக்கும். இலக்கு எட்டப்பட்டதா என்று பார்க்கிறார்களே அன்றி, அப்பணம் ஒப்பந்த விதிகளின்படி செலவாயிற்றா என்ற உறுதி ஒன்றிய அளவில் போதவில்லை என்று தணிக்கை மன்றம் 2023-இலேயே எச்சரித்தது. அக்கடனை அடைத்துத் தீர்க்க 2058 வரை தவணை உண்டு.