திருமுழுக்கு நம் வீட்டிலும் தொடரட்டும்

உங்கள் திருமுழுக்கு நாள் எதுவென்று கேட்டால் உடனே சொல்வீர்களா? பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறோம். திருமண நாளன்று மறக்காமல் திருப்பலிக்குக் கருத்து கொடுக்கிறோம். ஆனால் இறைவனின் பிள்ளைகளாகப் பிறந்த நாள் நம்மில் பலருக்குத் தெரியாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2014 ஜனவரியில் தமது மறைக்கல்வி உரையில் இதையே கேட்டார். தெரியாதவர்கள் வீட்டுக்குப் போய் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வீட்டுப்பாடமும் கொடுத்தார்.

அந்த நாளைத் தம் உயிரைக் கொடுத்துக் காத்தவர் ஒருவர் நம் மண்ணிலேயே இருக்கிறார். நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசுப் பணியில் இருந்தவர். துன்பத்தில் மனம் உடைந்திருந்த அவருக்கு டச்சுத் தளபதி டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு பரஞ்சோதிநாதரிடம் அவர் திருமுழுக்குப் பெற்று, தேவசகாயம் ஆனார். அவருடைய மனைவி பார்கவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

தேவசகாயம் குருவும் அல்ல, துறவியும் அல்ல. மனைவியோடு வாழ்ந்து, வேலைக்குப் போய்வந்த குடும்பத்தலைவர். திருமுழுக்கினால் அவரிடம் வந்த மாற்றத்தை ஊரார் அவருடைய அன்றாடப் பழக்கத்தில் கண்டார்கள். தாழ்ந்தவர் என்று சமூகம் ஒதுக்கிவைத்த மக்களோடு அவர் சமமாகப் பழகினார். அது பலருடைய கோபத்தைக் கிளறியது. சிறையும் சித்திரவதையும் அனுபவித்து, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருஅவை அவரைப் புனிதராக அறிவித்தது.

அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் கட்டப்பட்ட கோவிலுக்குள் சாதியின் பெயரால் மக்களைப் பிரிக்கும் சுவர் இருந்தது. பீடம் ஒன்றுதான், மக்கள் இரு பக்கமாக நின்றார்கள். 1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. கோவிலின் சுவர் போய்விட்டது. நம் வீடுகளில்?

மகனுக்குப் பெண் பார்க்கும்போது, "நல்ல கத்தோலிக்கக் குடும்பம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியாக என்ன கேட்கிறோம்? வீட்டு வேலைக்கு வரும் சகோதரிக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறோமா? பொத்தேரி, கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் என்று பல ஊர்களிலிருந்து வந்து குடியேறிய நாம், பக்கத்து வீட்டாரிடம் "சொந்த ஊர் எது?" என்று கேட்பது அன்பாகவா, ஆழம் பார்க்கவா? திருமுழுக்குப் பெற்று கிறிஸ்துவை அணிந்துகொண்டவர்களிடையே வேறுபாடு இல்லை என்று புனித பவுல் கலாத்தியருக்கு எழுதியது இந்தக் கேள்விகளுக்கும் சேர்த்துத்தான்.

அன்பானவர்களே, திருமுழுக்குச் சடங்கே நமக்கு வழி காட்டுகிறது. அன்று குருவோடு பெற்றோரும் ஞானப்பெற்றோரும் குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்தார்கள். காலையில் மின்சார ரயிலைப் பிடிக்கும் அவசரத்திலும், பிள்ளையின் நெற்றியில் அதே அடையாளத்தை வரைய அரை நிமிடம் போதும். அன்று குழந்தையின் காதையும் வாயையும் தொட்டு, இறைவார்த்தையைக் கேட்கவும் அறிக்கையிடவும் வேண்டுமென்று குரு மன்றாடினார். அந்தக் காதுகள் இன்று நம் வீட்டில் எதைக் கேட்கின்றன? செபத்தையா, பிறரைப் பழித்துப் பேசும் பேச்சையா? அன்று வெண்ணிற ஆடை அணிவித்தார்கள். கணவனும் மனைவியும் சண்டையோடு தூங்கப் போகாமல், யாராவது ஒருவர் முதலில் "மன்னிச்சுக்கோ" என்று சொல்லும்போது அந்த ஆடை அழுக்குப் படாமல் காக்கப்படுகிறது. அன்று பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய ஒளியைப் பெற்றோரிடம் ஒப்படைத்தார்கள். குடும்பத்தை இல்லத் திருஅவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அழைத்ததன் பொருள் இதுவே: அந்த ஒளியை அணையாமல் காப்பது பெற்றோரின் பொறுப்பு.

இந்த வாரம் ஒன்று செய்வோம். வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் திருமுழுக்கு நாளையும் பங்குப் பதிவேட்டில் கேட்டறிந்து, நாட்காட்டியில் குறித்துவைப்போம். அந்த நாள் வரும்போது மெழுகுதிரி ஏற்றி, அவருக்குச் சிலுவை வரைந்து செபிப்போம். அன்றைய உணவுக்கு, இதுவரை நாம் அழைக்கத் தயங்கிய ஒரு குடும்பத்தை அழைப்போம்.

புனித தேவசகாயமே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.