தேடாமல் கண்டுபிடிக்கும் அணி

தில்லி ஆர்.கே.புரத்துக்கு ஆட்டோ பிடித்து "செக்டர் 7, மலை மந்திர்" என்று சொன்னால் போதும், முருகன் கோயில் வாசலில் இறங்கிவிடலாம். செக்டர் 5 என்றால் தில்லித் தமிழ்ச் சங்கம். மத்திய அரசு ஊழியர்களுக்காக எழுந்த இந்தக் குடியிருப்பில் 13 செக்டர்கள் உண்டு. எண் கையில் இருந்தாலும் குறிப்பிட்ட வீட்டைக் கண்டுபிடிக்க நாலு பேரிடம் விசாரிக்கத்தான் வேண்டும். கணினிக்குள்ளும் ஒரு குடியிருப்பு இருக்கிறது. அங்கே பத்து லட்சம் வீடுகள் இருந்தாலும் யாரையும் விசாரிக்க வேண்டாம். ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், உடனே வாசலில் நிற்கலாம்.

அந்தக் குடியிருப்புக்கு அணி என்று பெயர். அணிவகுப்பில் வீரர்கள் சம இடைவெளியில் நிற்பதைப் போல, ஒரே வகைத் தரவுகள் நினைவகத்தில் அடுத்தடுத்து நிற்கும் அமைப்பு அது. 1995இல் அறிமுகமான ஜாவா என்ற நிரல் மொழியில் அதைப் பார்ப்போம். ஒரு வகுப்பில் 40 மாணவர்களின் மதிப்பெண்கள் இருக்கின்றன. ஜாவாவில் சாதாரண முழு எண் ஒவ்வொன்றும் 4 பைட் இடம் பிடிக்கும். மதிப்பெண் 7 ஆனாலும் 100 ஆனாலும் அதே 4 தான். எல்லாம் ஒரே அகல மனைகள். முதல் மதிப்பெண் 1000ஆம் இடத்தில் தொடங்கினால், அதிலிருந்து 25 மனை தள்ளி இருப்பது 1000 + 25 × 4, அதாவது 1100ஆம் இடத்தில் இருக்கும். 25 லட்சம் மனை தள்ளி இருந்தாலும் கணக்கு இதேதான்.

அணியில் எண்ணிக்கை 0இலிருந்து தொடங்குவதன் காரணமும் இங்கேயே இருக்கிறது. முதல் மனையை அடைய எத்தனை மனைகளைத் தாண்ட வேண்டும்? ஒன்றுமில்லை. ஆகவே அதன் சுட்டெண், அதாவது இடத்தைக் குறிக்கும் எண், 0. நாற்பதாவது மாணவரின் சுட்டெண் 39. அடுக்குமாடியில் தரைத்தளத்துக்குப் படியேற வேண்டாம், ஏறிய பிறகு வருவதுதான் முதல் மாடி. அதே கணக்குத்தான்.

இல்லாத 41ஆவது மாணவரைக் கேட்டால் என்ன ஆகும்? சி மொழி தடுக்காது. அந்த இடத்தில் என்ன கிடக்கிறதோ அதை எடுத்து நீட்டிவிடலாம், அது வேறொருவரின் ரகசியமாகக்கூட இருக்கலாம். ஜாவாவோ பொருள்நோக்கு மொழி. தரவையும் அதைக் கையாளும் முறைகளையும் ஒன்றாகக் கட்டி வைப்பதே பொருள். ஜாவாவில் அணியும் ஒரு பொருள். தான் எந்த வகை, தன்னிடம் எத்தனை இடங்கள் என்ற விவரத்தை அது தன் முகப்பிலேயே சுமக்கிறது. இன்றைய கணினிகளில் அந்த முகப்பு வழக்கமாக 16 பைட், வெறும் நான்கு மதிப்பெண்களுக்கான இடம். எல்லை தாண்டிய சுட்டெண்ணைக் கொடுத்தால் அணி உடனே பிழையை அறிவித்து நிறுத்திவிடும்.

இந்தக் காவலில் ஓர் அழகான தந்திரம் ஒளிந்திருக்கிறது. சுட்டெண் 0க்குக் கீழேயா, நீளத்தை எட்டிவிட்டதா என்று இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். கணினி ஒரே ஒப்பீட்டில் முடித்துவிடும். -1 என்ற எண்ணின் பிட்களைக் கழித்தல் குறி இல்லாத எண்ணாகப் படித்தால் 429 கோடிக்கு மேல் வரும். ஜாவா அணியின் நீளமோ ஏறக்குறைய 215 கோடியைத் தாண்ட முடியாது. ஆகவே எந்த எதிர்ம எண்ணும் "மிகப் பெரியது" என்ற ஒரே வலையில் விழுந்துவிடும்.

ஒருமுறை அமைந்த அணி நீளாது, பக்கத்து மனையில் வேறு யாரோ இருப்பார்கள். குடும்பம் பெருகினால் சின்ன வீட்டிலிருந்து பெரிய வீட்டுக்கு மாறுவதுதான் வழி. ஜாவாவின் வளரும் பட்டியலும் அப்படித்தான் ஒன்றரை மடங்கு பெரிய புது அணிக்குச் சாமான்களை மாற்றுகிறது: 10, 15, 22, 33.

சரி, மாணவரின் பெயர், விலாசம் போன்ற பெரிய பொருள்களை ஒரே அகல மனைக்குள் எப்படி அடைப்பது? அடைக்க வேண்டாம். பொருள் வேறெங்கோ இருக்கும், அணியில் அதன் முகவரி மட்டும் இருக்கும். பொருள் எவ்வளவு பெரிதானாலும் முகவரியின் அகலம் ஒன்றுதான். ஆர்.கே.புரத்தின் அஞ்சல் குறியீடு 110022. சின்னஞ்சிறு கிராமத்துக்கும் அதே ஆறு இலக்கம்தானே!

முகவரி இன்னோர் அணியுடையதாகவும் இருக்கலாம். அப்போது அணிகளின் அணி பிறக்கிறது. திருக்குறளை எடுத்துக்கொள்ளுங்கள். 133 அதிகாரங்கள், ஒவ்வொன்றிலும் 10 குறள்கள். 391ஆம் குறள் எங்கே? 0இலிருந்து எண்ணினால் அது 390. பத்தால் வகுத்தால் ஈவு 39, மீதி 0. அதாவது 40ஆவது அதிகாரமான கல்வியின் முதல் குறள். புத்தகத்தைப் புரட்டாமலே இடம் தெரிந்துவிட்டது.

சிலப்பதிகாரம் அப்படிச் சீராக இல்லை. அதன் 30 காதைகளில் புகார்க் காண்டத்தில் 10, மதுரைக் காண்டத்தில் 13, வஞ்சிக் காண்டத்தில் 7. ஜாவா இதற்கும் அசராது. வெளி அணியில் மூன்று முகவரிகள், அவை காட்டும் மூன்று அணிகளும் மூன்று நீளம். எதன் நீளம் எவ்வளவு என்று நிரல் எழுதுபவர் மனப்பாடம் செய்ய வேண்டாம். வஞ்சியைக் கேட்டால் அதுவே 7 என்று சொல்லும்.