புள்ளிகளைச் சேர்ப்போம், தேக்கி வைக்க வேண்டாம்

பர்மாவிலிருந்து வந்த நம் குடும்பங்களில் முதியோரிடம் ஒரு வழக்கம் உண்டு. மதிப்புள்ள தாள் எதுவாயினும் அதை அவர்கள் நெடுநாள் பெட்டியில் வைத்திருக்க மாட்டார்கள். காரணம் நாம் அறிந்ததே. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதத்தில் 50, 100 கியாட் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. அங்கேயே தங்கிவிட்ட உறவினர்கள் 1985-லும் அதே அடியை வாங்கினர். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் தாள்கள் ஈட்டுத்தொகை ஏதுமின்றிச் செல்லாமற் போயின.

இன்று யாங்கோனில் உள்ள நம்மவர்களுக்குக் கடைகள் வேறொரு வகைத் தாளை வழங்குகின்றன. 1996-இல் தொடங்கப்பெற்ற சிட்டி மார்ட் பேரங்காடிக் குழுமத்துக்கு ‘சிட்டி ரிவார்ட்ஸ்’ என்னும் வாடிக்கையாளர் திட்டம் உண்டு. பொருள் வாங்குந்தோறும் புள்ளிகள் சேரும். வாராந்தர மளிகையில் இப்புள்ளிகளைப் பெருக்குவது எப்படி என்று அங்குள்ள உறவினர்கள் கேட்கின்றனர். வேறு நாடுகளில் குடியேறிய நம் குடும்பங்களுக்கும் இது பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

இது புதிய எண்ணமன்று. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்கள் தொடங்கிய கூட்டுறவுக் கடை, ஆண்டு மிச்சத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்ப உறுப்பினருக்கே பகிர்ந்தளித்தது. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-இல் தோன்றிய கூட்டுறவுப் பண்டகசாலையும் அவ்வியக்கத்தின் வழி வந்ததே. ஆனால் அங்கு வாங்குவோரே கடைக்கு உரிமையாளர். இன்றைய புள்ளியோ கடைக்காரர் தரும் வாக்குறுதி. அதன் மதிப்பை மாற்றவும் காலாவதியாக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

ஆகவே முதலில் கணக்கிட வேண்டும். 1995-இல் பிரிட்டனில் டெஸ்கோ நிறுவனம் தொடங்கிய அட்டையில் ஒரு பவுனுக்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளிக்கு ஒரு பென்னி. அதாவது நூற்றுக்கு ஒன்று. உங்கள் கடையின் விகிதத்தையும் இவ்வாறே கண்டுகொள்ளுங்கள். ஒரு விழுக்காட்டுக்காக ஐந்து விழுக்காடு விலை கூடிய அரிசியை வாங்குவது பேதைமை. அரிசி, மீன், காய்கறி ஆகியவற்றைத் தெருச் சந்தையிலும் தெய்ஞ்சி சந்தையிலும் விலை பேசி வாங்கலாம். சவர்க்காரம், பால்மா, பற்பசை போன்று எங்கும் ஏறக்குறைய ஒரே விலையில் விற்பவற்றைப் பேரங்காடிக்கு ஒதுக்குங்கள். புள்ளி சேர்வதற்கு ஏற்ற பொருள்கள் இவையே.

தந்தை ஓர் அட்டை, மகள் ஓர் அட்டை என வைத்திருந்தால் எதிலும் பயன்படுத்தத்தக்க அளவு சேராது. வீட்டுக்கு ஒன்றே போதும். பணம் செலுத்துமுன் அதைக் காட்ட வேண்டும். பட்டியல் அச்சான பின் கெஞ்சுவது பெரும்பாலும் வீண். நாமும் கெஞ்சிப் பார்த்தவர்களே! இரட்டைப் புள்ளி அறிவிக்கும் நாள்களில் கெட்டுப்போகாத பொருள்களை மட்டும் இரு வாரங்களுக்குச் சேர்த்து வாங்கலாம். பட்டியலில் இல்லாததைப் புள்ளிக்காக வாங்கினால் ஆதாயம் கடைக்கே.

அட்டை பெறப் பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்பர். அதற்குமேல் கேட்கும் விவரங்களை, கட்டாயம் இல்லையெனில் நிரப்ப வேண்டாம். குடியுரிமைத் தாள்களுக்காக அலைக்கழிந்த நம்மவர்க்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

சேர்த்ததை எப்போது செலவிடுவது? யாங்கோனைப் பொறுத்தவரை, உடனே. 2021-இன் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 1,330 கியாட்டாக இருந்தது, 2024-இல் வெளிச்சந்தையில் 4,000-ஐத் தாண்டியது. எண்ணெய் விலை ஏறும். புள்ளிக்கு வட்டி ஏறாது. ஓராண்டு காத்திருந்து பெரிய பரிசு பெற எண்ணுவோர், அன்று அதே புள்ளிக்குப் பாதி எண்ணெயே கிடைக்கக் காண்பர். குறைந்தபட்ச அளவு எட்டியதும் அவ்வார எண்ணெய்க்கோ பால்மாவுக்கோ கழித்துவிடுங்கள்.

எம் உறவினர் இல்லமொன்றில் எண்பதைக் கடந்த பாட்டி, ஒவ்வொரு மாத இறுதியிலும் பேரனை அழைத்து, “கணக்கில் எவ்வளவு நிற்கிறது?” என்று கேட்பார். எவ்வளவு நின்றாலும் அன்று மாலையே அது தேயிலையாக வீடு வந்துவிடும்.