31 மாதம் தூங்கி எழுந்த ரோசெட்டா!

2014, ஜனவரி 20. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் உள்ள ஐரோப்பிய விண்வெளி முகமையின் கட்டுப்பாட்டு அறை. எல்லோருடைய கண்களும் கம்ப்யூட்டர் திரையில். அதில் ஒரு சின்னக் கோடு எழும்ப வேண்டும். எழும்பினால், சுமார் 80 கோடி கி.மீ. தொலைவில் ரோசெட்டா விண்கலம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால், இருபது வருட உழைப்பு வீண்!

67பி என்ற வால்நட்சத்திரத்தைத் தேடி 2004 மார்ச்சில் கிளம்பியது ரோசெட்டா. அவ்வளவு தூரத்துக்கு ஒரே வீச்சில் அனுப்ப எந்த ராக்கெட்டாலும் முடியாது. அதனால் பூமியை மூன்று முறையும் செவ்வாயை ஒரு முறையும் நெருங்கிச் சென்று, அவற்றின் ஈர்ப்பு விசையால் வேகத்தை மாற்றிக்கொண்டது.

ரோசெட்டாவுக்குச் சூரிய ஒளிதான் சாப்பாடு. தூரம் போகப் போக அது குறைந்தது. எனவே 2011 ஜூனில் கம்ப்யூட்டரையும் சில ஹீட்டர்களையும் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்து, அலாரம் வைத்துத் தூங்கவைத்தார்கள். 31 மாதங்கள் ஒரு தகவலும் இல்லை.

விழித்தெழுந்தால், மாலை 6.30 முதல் 7.30 மணிக்குள் சிக்னல் வர வேண்டும். 7 மணி தாண்டியும் திரையில் அசைவில்லை. 7.18-க்கு அந்தக் கோடு எழும்பியது. அறை முழுக்க ஆரவாரம்!

அந்த ஆகஸ்டில் ரோசெட்டா வால்நட்சத்திரத்தை அடைந்தது. நவம்பர் 12-ல் ஃபிலே என்ற குட்டிக் கலத்தை இறக்கியது. பூமியில் 100 கிலோ எடையுள்ள ஃபிலே, அங்கே பஞ்சு மாதிரி. பிடித்துக்கொள்ள வேண்டிய ஈட்டிகள் பாயாததால், பந்து போல எகிறி, ஒரு நிழல் இடுக்கில் போய் விழுந்தது. வெயில் போதவில்லை. ஆனாலும் பேட்டரி தீரும்வரை, இரண்டு நாள்களுக்கும் மேலாகத் தகவல் அனுப்பிவிட்டுத்தான் ஓய்ந்தது.

பலன்? உயிர்களின் புரதத்தில் இருக்கும் கிளைசின் என்ற அமினோ அமிலம் அந்த வால்நட்சத்திரத்திலும் இருந்தது. ஆனால், அங்கிருந்த நீரின் தன்மை நம் கடல்நீரோடு ஒத்துப்போகவில்லை. பூமிக்குத் தண்ணீர் தந்தவை இத்தகைய வால்நட்சத்திரங்கள்தானா என்ற சந்தேகம் வலுத்தது.

2016 செப்டம்பர் 30-ல் ரோசெட்டாவும் மெல்ல அதே வால்நட்சத்திரத்தில் இறங்கி மௌனமானது. ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றிவரும் 67பி-யின் மேல், ஃபிலேயும் அதுவும் இன்றும் பயணிக்கின்றன. இந்த முறை அலாரம் வைக்கவில்லை!