வலி நின்றால் பல் குணமாகிவிட்டதா?

பல்வலி வந்தால் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவோர் பலர். சில நாள்களில் வலி தானாகவே நின்றுவிட்டால், பல் சரியாகிவிட்டது என்று நிம்மதி அடைவார்கள். ஆனால் பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்துப்போனதால்கூட வலி நின்றிருக்கலாம்.

பல்லின் நடுவே பற்கூழ் எனப்படும் மென்மையான பகுதி உண்டு. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் அதில்தான் இருக்கின்றன. சொத்தை ஆழமாகிப் பற்கூழை எட்டும்போது அது வீங்குகிறது. சுற்றிலும் கடினமான சுவர் இருப்பதால் வீங்க இடமில்லை. அதனால்தான் இரவில் தூங்கவிடாத வலி ஏற்படுகிறது. நாளடைவில் இரத்த ஓட்டம் நின்று பற்கூழ் செத்துவிடும். கிருமிகள் வேரின் நுனி வழியே தாடை எலும்புக்குப் பரவிச் சீழ் கட்டும்.

நோய்க்கிருமிக் கொல்லி மாத்திரை மட்டும் சாப்பிட்டால் போதாதா? போதாது. மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் செல்ல வேண்டும். செத்த பற்கூழுக்கு இரத்த ஓட்டமே இல்லையே!

இந்நிலையில் பல்லைக் காப்பாற்றும் வழிதான் வேர் சிகிச்சை. மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டு, பல்லில் சிறு துளையிட்டு, கெட்டுப்போன பற்கூழை அகற்றுவார். முன்பல்லில் பெரும்பாலும் ஒரு குழாய்தான் இருக்கும். கடைவாய்ப் பல்லிலோ மூன்று, நான்கு குழாய்கள்கூட இருக்கலாம். மெல்லிய அரங்களால் அவற்றைச் சுத்தம் செய்து, கிருமிநாசினியால் கழுவி, 'கட்டா பெர்ச்சா' என்ற பொருளால் அடைப்பார். இது நம் வட்டார மரத்தின் பாலிலிருந்து கிடைப்பது. மலாய் மொழியில் 'கெத்தா' என்றால் மரப்பால்.

சிகிச்சைக்கு ஒருமுறைக்கு மேல் செல்ல வேண்டியிருக்கலாம். முதல் முறையிலேயே வலி போய்விடுவதால், செலவுக்கு அஞ்சிப் பாதியில் நிறுத்திவிடுவோர் உண்டு. தற்காலிக அடைப்பு நாளடைவில் கசிந்து, கிருமிகள் மீண்டும் புகும். பிறகு பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போகலாம். ஆகவே செலவையும், எத்தனை முறை வர வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சிகிச்சை முடிந்த கடைவாய்ப் பல் எளிதில் உடையக்கூடும் என்பதால் அதற்குப் பெரும்பாலும் உறை போட வேண்டியிருக்கும். வேர் நீளவாக்கில் பிளந்துவிட்ட பல்லைப் பொதுவாகக் காப்பாற்ற முடியாது.

முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.